பழைய பைக்கின் செல்ஃப் மோட்டார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல்ஃப் மோட்டாரைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். உள்ளே நிலைக்காந்தமும் கார்பன் பிரஷும் உள்ள 12 வோல்ட் மோட்டார்களுக்கான பதில்கள் இவை. கார்புரேட்டர் காலத்துப் பைக்குகளில் பெரும்பாலும் இருப்பது இந்த வகைதான். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் வேறு அளவு சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

செல்ஃப் எடுக்கல. மோட்டார்தான் போயிடுச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

முதலில் சத்தத்தைக் கேளுங்கள். பட்டனை அழுத்தியும் எந்தச் சத்தமும் இல்லையென்றால் மோட்டாரை நினைக்கவே வேண்டாம். பியூஸ், பட்டன், கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு சுவிட்ச் என்று ரிலே (பட்டனை அழுத்தியதும் மோட்டாருக்குப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) வரைக்கும் வரும் மெல்லிய வயர்களில்தான் கோளாறு இருக்கும். 'டிக் டிக் டிக்' என்று வேகமாக அடித்தால் அநேகமாக பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது அதன் டெர்மினல் தளர்ந்திருக்கிறது.

ஒரே ஒரு 'டக்' கேட்டு அதோடு நின்றால் ரிலே இழுக்கிறது என்று அர்த்தம். ஆனால் ரிலே இழுப்பது வேறு, அதன் உள்முனைகள் வழியாக மோட்டாருக்குக் கரண்ட் போவது வேறு. முனைகள் கருகியிருந்தாலும் டக் சத்தம் வரும். மோட்டார் மேல் சந்தேகப்பட வேண்டிய இடம் இதுதான், அதுவும் அடுத்த இரண்டு கேள்விகளில் உள்ள சோதனைகளை முடித்த பிறகு. மோட்டார் 'விர்'ரென்று சுற்றியும் இன்ஜின் அசையாவிட்டால் அது வேறு கதை. மோட்டாரை இன்ஜினோடு ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் ஒன்வே கிளட்ச் பற்றிய கேள்வியில் அது வரும்.

பேட்டரி புதுசுதான். அதையும் பார்க்கணுமா?

பார்க்க வேண்டும், அதுவும் மீட்டர் வைத்து. சும்மா நிற்கும்போது பேட்டரி முனைகளில் 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். 12.4 என்றால் ஓரளவு இறங்கியிருக்கிறது. 12.0 என்றால் கிட்டத்தட்டக் காலி. மீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு பட்டனை அழுத்துங்கள். நல்ல பேட்டரி, இன்ஜினைச் சுற்றும்போதும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகாது.

இந்த ஒரே சோதனையில் இன்னொரு விஷயமும் தெரியும். மோட்டார் சுற்றவில்லை, ஆனால் வோல்டேஜ் 12-க்கு மேலேயே நிற்கிறது என்றால் கரண்டே ஓடவில்லை. ரிலே முனை கருகியிருக்கலாம், கேபிள் விட்டுப்போயிருக்கலாம், மோட்டாருக்குள் கரண்டைக் கொடுக்கும் பிரஷ், சுற்றும் பகுதியிலுள்ள செம்புத் தகட்டு வளையமான கம்யூட்டேட்டரைத் தொடாமல் இருக்கலாம். மோட்டார் சுற்றாமலே வோல்டேஜ் 8, 7 என்று சரிந்தால் பேட்டரிக்குத் தெம்பில்லை, அல்லது மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்டை இழுக்கிறது. நல்லது என்று நிச்சயமாகத் தெரிந்த வேறு பேட்டரியைப் போட்டுப் பாருங்கள். அதையும் அதே மாதிரி சரித்தால் மோட்டாரோ இன்ஜினோ இறுகியிருக்கிறது.

ரிலேயோட ரெண்டு போல்ட்டையும் ஸ்குரூடிரைவரால ஷார்ட் பண்ணிப் பார்க்கலாம்னு சொல்றாங்களே?

பார்க்கலாம், ஆனால் ஆபத்தை அறிந்து செய்யுங்கள். அப்படித் தொடும்போது நியூட்ரல் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச் எல்லாவற்றையும் தாண்டிக் கரண்ட் போகிறது. கியரில் இருந்தால் வண்டி பாயும். தொடும் இடத்தில் பெரிய தீப்பொறி வரும், பக்கத்தில் பெட்ரோல் கசிவு இருக்கவே கூடாது. ஸ்குரூடிரைவரைவிடத் தடிமனான ஜம்பர் வயர் மேல். தொட்டதும் மோட்டார் நன்றாகச் சுற்றினால் மோட்டாரும் கேபிளும் சரி. கோளாறு ரிலேயில் அல்லது அதற்கு முன்னால்.

இதைவிடத் தெளிவான வழி, பட்டனை அழுத்திக்கொண்டே வோல்டேஜ் இழப்பை அளப்பது. மீட்டரின் ஒரு முனை பேட்டரி பாசிட்டிவில், மறுமுனை மோட்டார் டெர்மினலில். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் தடை இருக்கிறது. ரிலேயின் இரண்டு போல்ட்டுக்கு நடுவே மட்டும் 0.3-ஐத் தாண்டினால் ரிலேயை மாற்றுங்கள். பிறகு பேட்டரி நெகட்டிவுக்கும் மோட்டாரின் வெளிக்கூடான ஓட்டுக்கும் நடுவே அளங்கள், 0.3-க்குள் இருக்க வேண்டும். பலரும் விட்டுவிடுவது இந்த எர்த் பக்கத்தைத்தான். இன்ஜினுக்கு வரும் எர்த் வயரின் கீழே பெயின்ட்டோ துருவோ இருந்தால் புது மோட்டார் போட்டாலும் பழைய மாதிரியேதான் முனகும். இந்த அளவுகள் எல்லாமே கரண்ட் ஓடும்போது மட்டும்தான் செல்லும். மோட்டாருக்குள் பிரஷ் தொடாமல் இருந்தால் பாதை முழுக்கச் சுத்தமாக இருப்பது போலக் காட்டும்.

மோட்டாரை லேசாத் தட்டினா எடுக்குது. அப்படியே ஓட்டிக்கலாமா?

வேண்டாம். தட்டினால் எடுக்கிறது என்றால் பிரஷ் தேய்ந்து ஸ்பிரிங்கின் அழுத்தம் எட்டாத நிலைக்கு வந்துவிட்டது, அல்லது கார்பன் தூள் சேர்ந்து பிரஷ் அதன் கூட்டில் சிக்குகிறது. அதிர்ச்சியில் அது கொஞ்சம் நகர்ந்து தொடுகிறது, அவ்வளவுதான். கொஞ்ச நாளில் தட்டினாலும் எடுக்காது.

இதில் இரண்டு நஷ்டம். உள்ளே ஓட்டில் ஒட்டியிருக்கும் காந்தங்கள் பெரைட் வகை, பீங்கான் போல உடையக்கூடியவை. பலமாகத் தட்டினால் விரிசல் விட்டு, துண்டு ஓட்டுக்கும் உள்ளே சுற்றும் ஆர்மேச்சருக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். இரண்டாவது, பிரஷ் முழுக்கத் தேய்ந்த பிறகும் ஓட்டினால் தீப்பொறி கூடி கம்யூட்டேட்டர் குழி விழும். பிரஷ் செட்டோடு முடிய வேண்டிய வேலை ஆர்மேச்சர் மாற்றுவதில் போய் நிற்கும்.

மோட்டாரைக் கழற்றும்போது எங்கே தப்பு நடக்கும்?

டெர்மினல் நட்டில். பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றிவிட்டு, ரப்பர் மூடியை ஒதுக்கினால் கேபிளைப் பிடித்திருக்கும் நட்டு தெரியும். அதற்குக் கீழே மோட்டார் ஓட்டினை ஒட்டி இன்னொரு நட்டு இருக்கும். கீழ் நட்டை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு மேல் நட்டைத் திருப்புங்கள். பிடிக்காமல் திருப்பினால் போல்ட்டும் சேர்ந்து சுற்றி, உள்ளே பிரஷ் வயர் அறுந்துவிடும் அல்லது இன்சுலேஷன் வாஷர் நசுங்கும். துருப்பிடித்திருந்தால் துரு நீக்கும் எண்ணெயை விட்டுக் காத்திருங்கள்.

பிறகு மோட்டாரை இன்ஜினோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள், பெரும்பாலும் 6 மில்லிமீட்டரில் இரண்டு. அவற்றை எடுத்தபின் மோட்டார் ஓ-ரிங்கின் பிடியில் நிற்கும். இடவலமாகத் திருப்பித் திருப்பி இழுத்தால் வந்துவிடும். நடுவில் ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பினால் அலுமினியம் முகம் பழுதாகி ஆயில் கசியும். மோட்டார் ஆயில் மட்டத்துக்குக் கீழே இருக்கும் வண்டிகளில் ஆயில் வழியும், கீழே தட்டு வையுங்கள். எடுத்த ஓட்டையைச் சுத்தமான துணியால் உடனே அடைத்துவிடுங்கள்.

பிரிச்சா திரும்பச் சேர்க்க முடியுமா? எதையெல்லாம் குறிச்சு வைக்கணும்?

பிரிப்பதற்கு முன் ஒரு வேலை. மோட்டாரை அசையாமல் பிடித்து, பேட்டரி பாசிட்டிவை டெர்மினலுக்கும் நெகட்டிவை ஓட்டுக்கும் கொடுத்து ஒரு வினாடி சுற்றவிட்டு, பல்சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று எழுதி வையுங்கள். சுற்றாத மோட்டாரில் இது முடியாது. அப்போது கோடு மட்டுமே துணை: நடு ஓட்டின் இரண்டு ஓரத்திலும், அதை ஒட்டிய மூடியிலும் சேர்த்து ஒரே நேர்கோடாகக் கீறுங்கள். முன்பக்கம் ஒரு கோடு, பின்பக்கம் இரண்டு கோடு என்று வைத்தால் ஓடு தலைமாறிப் போகாது.

நீளமான இரண்டு போல்ட்டை எடுத்ததும் மூடிகள் வரும். ஆர்மேச்சரின் இரு நுனியிலும் மெல்லிய வாஷர்கள் இருக்கும். மூடியின் உள்ளே கிரீஸில் ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும். எந்தப் பக்கம் எத்தனை, எந்த வரிசை என்று படம் எடுங்கள். டெர்மினல் போல்ட்டில் உள்ள பிளாஸ்டிக், பைபர், இரும்பு வாஷர்களின் வரிசையும் அப்படியே. அதில் ஒன்று இடம் மாறினால் பாசிட்டிவ் நேராக ஓட்டில் தொட்டு முழு ஷார்ட் ஆகும். மோட்டார் ஓட்டினை வைஸில் இறுக்காதீர்கள், காந்தம் உடைய அதுவே போதும். கார்பன் தூளை வாயால் ஊதாமல் பிரஷால் தட்டித் துடையுங்கள்.

பிரஷ் எவ்வளவு தேய்ஞ்சா மாத்தணும்?

புதிதில் 10 முதல் 13 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். மேனுவல் கையில் இல்லையென்றால், பாதியாகத் தேய்ந்ததை மாற்றுவது நல்ல கணக்கு. ஒன்று தேய்ந்திருந்தாலும் செட்டாகவே மாற்ற வேண்டும். புதுப் பிரஷ் அதன் கூட்டில் சொந்த எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். இறுகினால் பிரஷைத் தேய்க்காமல் கூட்டைச் சுத்தம் செய்யுங்கள். ஸ்பிரிங் நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் விறைப்பு இழந்துவிட்டது, அதையும் மாற்றுங்கள்.

ஆர்மேச்சர் வெளியே இருக்கும்போது பாசிட்டிவ் பிரஷ் கூட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். இணைப்பே காட்டக் கூடாது. காட்டினால் பெரும்பாலும் கார்பன் தூளும் ஆயிலும் சேர்ந்த பசைதான் காரணம், கழுவினால் சரியாகும். ஆர்மேச்சர் உள்ளே இருக்கும்போது டெர்மினலுக்கும் ஓட்டுக்கும் இணைப்பு காட்டுவது இயல்பு. அதைப் பார்த்து ஷார்ட் என்று மோட்டாரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

புதுப் பிரஷ்ல வயர் பற்றவச்சிருக்கு. வீட்டுச் சால்டரிங் அயர்ன் போதுமா?

எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கான 25 வாட் போதாது. தடித்த செம்புத் தகடு சூட்டை உறிஞ்சிவிடும். 60 முதல் 100 வாட் வேண்டும். ஈயம் பின்னல் வயருக்குள் ஏறினால் அது கம்பி போல விறைத்து, பிரஷை ஸ்பிரிங்கோடு நகரவிடாது. இணைப்புக்குச் சற்று மேலே வயரைக் குறடால் கவ்விப் பிடித்தால் ஈயம் ஏறாது. பிரஷ் பிளேட் முழுதாகக் கிடைத்தால் அதையே வாங்குங்கள், இந்த வேலையே மிச்சம்.

கம்யூட்டேட்டர் கறுப்பா இருக்கு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

ஒரே சீராகப் பழுப்பேறியிருந்தால் அது நல்ல தேய்மானம்தான். ஒன்றிரண்டு தகடுகள் மட்டும் கருகியிருந்தால் அந்தச் சுருளில் கோளாறு. வரிவரியாகக் கீறல் இருந்தால் 400 அல்லது 600 நம்பர் உப்புத்தாளை நாடாவாக வெட்டி, கம்யூட்டேட்டரைச் சுற்றிப் போட்டு, ஆர்மேச்சரைத் திருப்பிக்கொண்டே தேய்க்கவும். ஒரே இடத்தில் தேய்த்தால் வட்டம் கெடும். எமரி துணி வேண்டாம், அதன் துகள்கள் செம்பில் பதிந்து பிரஷை அரிக்கும். குழி ஆழமாக இருந்தாலோ வட்டம் கெட்டிருந்தாலோ லேத்தில் மிக மெல்லிதாகச் சீவ வேண்டும்.

தேய்த்ததோடு வேலை முடியாது. செம்புத் தகடுகளுக்கு நடுவே கரண்டைக் கடத்தாத மைகா இருக்கிறது. அது செம்பைவிடக் கடினம் என்பதால் மெதுவாகத்தான் தேயும். செம்பு இறங்கி மைகா அதே மட்டத்துக்கு வந்தால் பிரஷ் அதன் மேல் குதிக்கும், தீப்பொறி பறக்கும். ஆகவே ஒவ்வொரு இடைவெளியிலும் மைகாவைச் சுமார் அரை மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்ட வேண்டும். ஒடிந்த ஹேக்ஸா பிளேடின் பக்கவாட்டை இடைவெளியின் அகலத்துக்கு மெலிதாக்கினால் நல்ல கருவி. பள்ளம் ஓரத்திலிருந்து ஓரம் வரை சதுரமாக இருக்கட்டும், நடுவில் மட்டும் பள்ளமாகி செம்பை ஒட்டி மைகா நிற்கக் கூடாது. செம்பின் ஓரத்தில் எழும் பிசிறையும் நீக்குங்கள். முழு வேலையிலும் பொறுமை கேட்கும் இடம் இதுதான். இதை விட்டுவிட்டுப் பிரஷ் மட்டும் மாற்றிய மோட்டார்தான் சீக்கிரமே திரும்பி வருகிறது.

ஆர்மேச்சர் எரிஞ்சிருக்கான்னு மல்டிமீட்டர்ல தெரியுமா?

பாதி தெரியும். எந்தத் தகட்டுக்கும் தண்டுக்கும் நடுவே இணைப்பு இருக்கக் கூடாது. இருந்தால் ஆர்மேச்சர் எர்த் ஆகிவிட்டது. பக்கத்துப் பக்கத்துத் தகடுகளுக்கு நடுவே இணைப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. பிடிபடாதது, சுருளுக்குள்ளேயே இருக்கும் ஷார்ட். நல்ல சுருளின் தடையே மிகக் குறைவு என்பதால் சாதா மீட்டருக்கு வித்தியாசம் தெரியாது. மோட்டார் ரீவைண்டிங் செய்பவர்களிடம் உள்ள குரோலர் கருவியில் வைத்தால் ஷார்ட்டான சுருளின் மேல் ஹேக்ஸா பிளேடு அதிரும்.

கண்ணும் மூக்கும் உதவும். எரிந்த வார்னிஷ் வாசம், கறுத்த சுருள், கம்யூட்டேட்டர் தகட்டின் பின்னால் உருகி வெளியே தெறித்த ஈயம் ஆகியவை இருந்தால் அந்த ஆர்மேச்சரில் பிரஷ் போட்டுக் காசை வீணாக்க வேண்டாம்.

உள்ளே முழுக்க ஆயில் இருந்துச்சு. எங்கேருந்து வருது?

பல்சக்கரப் பக்கத்து ஆயில் சீல் கடினமாகிவிட்டது. வெளியே உள்ள ஓ-ரிங் போனால் ஆயில் இன்ஜின் மேலே வழியும், சீல் போனால் உள்ளே வரும். இரண்டையும் மாற்றுங்கள். ஆயில் குடித்த பிரஷையும் மாற்றியே ஆக வேண்டும். ஆர்மேச்சரைப் பெட்ரோலில் ஊற வைக்காதீர்கள். வார்னிஷ் கெடும், மிச்சமிருக்கும் ஆவி முதல் தீப்பொறியில் பற்றிக்கொள்ளும். மிச்சம் விடாமல் உலரும் கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் பூட்டுங்கள்.

திரும்பப் பூட்டும்போது பிரஷ் உள்ளே போக மாட்டேங்குது. ஏதாவது வழி?

பிரஷ்களைக் கூட்டுக்குள் பின்னால் தள்ளி, ஸ்பிரிங்கின் நுனியைப் பிரஷின் தலையில் வைக்காமல் பக்கவாட்டில் அணைத்து வைத்தால் பிரஷ் அங்கேயே நிற்கும். கம்யூட்டேட்டர் உள்ளே வந்ததும் ஸ்பிரிங்கை மறுபடி தலையில் ஏற்றிவிடுங்கள். சுருள் ஸ்பிரிங் வகையானால் மெல்லிய கம்பியால் கட்டி வைத்து, பிறகு உருவலாம். கடைசியில் ஆர்மேச்சரை ஓட்டுக்குள் நுழைக்கும்போது காந்தம் வெடுக்கென்று இழுக்கும். விரலை விலக்கி, இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக விடுங்கள்.

தண்டைத் தாங்கும் புஷ்ஷிலும் சீல் உதட்டிலும் கிரீஸ் ஒரு பூச்சு போதும், கம்யூட்டேட்டர் பக்கம் அது பரவக் கூடாது. கீறிய கோடுகளைச் சேர்த்து இறுக்கி, கையால் சுற்றிப் பாருங்கள். பிறகு பேட்டரியில் இரண்டு மூன்று வினாடி சோதனை. மோட்டார் தொடங்கும்போது உதறும், கையில் பிடிக்காமல் காலுக்கடியிலோ பலகையில் கட்டியோ வையுங்கள். வண்டியில் பூட்டும் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவே போதும். ஓ-ரிங்கில் ஆயில் தடவுங்கள்.

எல்லாம் சரியாச் சேர்த்தாச்சு. மோட்டார் 'விர்'னு சுத்துது, இன்ஜின் மட்டும் அசையல!

இதற்கு இரண்டு காரணம். பிரித்துச் சேர்த்த உடனே இப்படி ஆனால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. ஓடு இடம் மாறிப் பூட்டப்பட்டதால் காந்தத்தின் வடக்கு தெற்கு மாறிவிட்டது. இரண்டு காந்தம் உள்ள மோட்டாரில் அரைச்சுற்று, நான்கு உள்ளதில் கால்சுற்று மாறினாலே திசை புரண்டுவிடும். ஒன்வே கிளட்ச் ஒரு திசையில் மட்டும் பிடிப்பதால் எதிர்த்திசையில் மோட்டார் தனியே சுற்றும். கோடுகளையும் எழுதி வைத்த திசையையும் பாருங்கள்.

மோட்டாரைத் தொடாமலே இந்தச் சத்தம் வந்தால் ஒன்வே கிளட்ச் தேய்ந்துவிட்டது. முதலில் சில தடவை வழுக்கி, அப்புறம் பிடிக்கும், பிறகு முழுக்க வழுக்கும். உள்ளே உள்ள உருளைகள், அவற்றின் சின்ன ஸ்பிரிங், அவை ஓடும் மேற்பரப்பு மூன்றையும் பார்க்க வேண்டும். மேற்பரப்பில் குழி இருந்தால் உருளை மட்டும் மாற்றுவது நிற்காது. இதற்கு மேக்னட் மூடியைக் கழற்ற வேண்டியிருக்கும், மோட்டாருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

காலைல நல்லா எடுக்குது, சூடானா இழுக்க மாட்டேங்குது. ஏன்?

பெரும்பாலும் புஷ் தேய்ந்திருக்கும். தண்டு ஆடி, ஆர்மேச்சர் காந்தத்தில் உரசும். பிரித்துப் பார்த்தால் ஆர்மேச்சரின் ஒரு பக்கத்தில் பளபளவென்று உரசிய தடம் தெரியும். சூட்டில் செம்பின் தடையும் கூடுவதால் தெம்பு இன்னும் குறைகிறது. புஷ்ஷோ பேரிங்கோ மாற்றினால் தீரும். பின்மூடியில் புஷ் தனியாகக் கிடைக்காத மாடல்களும் உண்டு, அப்போது லேத்தில் வெண்கலப் புஷ் கடைந்து போடலாம்.

ரிப்பேரா, வேற மோட்டாரா? வாங்கினா எதை ஒப்பிடணும்?

பிரஷ், சீல், புஷ், கம்யூட்டேட்டர் வரை ரிப்பேர் செய்யுங்கள். ஆர்மேச்சர் எரிந்தாலோ காந்தம் உடைந்தாலோ மாற்றுங்கள். நம் கருத்தில், ஒரிஜினல் ஓட்டில் நல்ல பிரஷ் போட்டது, மலிவான புது மோட்டாரைவிட நீண்ட நாள் உழைக்கும்.

வாங்கும்போது சுற்றும் திசை, பல்லின் எண்ணிக்கை, பல்சக்கரம் வெளியே நீட்டும் நீளம், போல்ட் ஓட்டைகளின் தூரம், ஓ-ரிங் உட்காரும் விட்டம், டெர்மினலின் கோணம் எல்லாம் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். பார்வைக்கு அச்சு அசலாக இருந்து திசை மட்டும் மாறியிருந்தால் மேலே சொன்ன 'விர்' சத்தம்தான் மிஞ்சும்.

புது மோட்டார், புது பேட்டரி. அப்பவும் ஒரு சுத்து சுத்திட்டு நின்னுடுது.

இப்போது இன்ஜினைப் பாருங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பிளக் மூடியைச் சிலிண்டர் ஓட்டையிலிருந்து தள்ளி எர்த் செய்துவிட்டு, முதலில் கையால் இன்ஜினைச் சுற்றுங்கள். கார்புரேட்டர் நீடில் வால்வு கசிந்து சிலிண்டரில் பெட்ரோல் நிறைந்திருந்தால் அது பிளக் ஓட்டை வழியே வெளியே வரும். அந்த நிலையில் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் கனெக்டிங் ராடே வளையும். ஆயிலிலும் பெட்ரோல் கலந்திருக்கும், மாற்றிவிடுங்கள்.

பிளக் இல்லாமல் சுகமாகச் சுற்றி, பிளக் போட்டால் நிற்கிறதா? கேம்ஷாப்டில் தானியங்கி டிகம்ப்ரஷர் (செல்ஃப் அடிக்கும்போது வால்வைச் சற்றுத் தூக்கி அழுத்தத்தைக் குறைப்பது) உள்ள ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளில் டேப்பட் இடைவெளியைச் சரிபாருங்கள். எக்ஸாஸ்ட் வால்வின் இடைவெளி கூடிவிட்டால் டிகம்ப்ரஷரால் வால்வைப் போதிய அளவு தூக்க முடியாது, மோட்டார் முழு அழுத்தத்தோடும் மோத வேண்டிவரும். சுற்றும்போது பின்னால் உதைத்தால் இக்னிஷன் டைமிங்கைப் பாருங்கள். அந்த உதைதான் ஒன்வே கிளட்சை உடைக்கிறது.

பட்டனை விட்டாலும் மோட்டார் நிக்காம சுத்துது, சாவியை எடுத்தாலும் நிக்கல!

ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டன. உடனே பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். முடியாவிட்டால் ரிலேயைத் தட்டினால் சில சமயம் விடும், ஆனால் அந்த ரிலேயை மறுபடி நம்பாதீர்கள். இறங்கிய பேட்டரியில் பட்டனை மறுபடி மறுபடி அழுத்துவதால்தான் முனைகள் அரைகுறையாகத் தொட்டு ஒட்டுகின்றன. ரிலேயோடு பேட்டரியையும் சோதியுங்கள். மோட்டார் இடைவிடாமல் சுற்றியிருந்தால் கழற்றிப் பாருங்கள், ஈயம் தெறித்திருக்கிறதா என்று. சாதாரணமாகவே ஒரு தடவைக்கு 5 வினாடிக்கு மேல் அடிக்காமல், அடுத்ததற்கு முன் 10 முதல் 15 வினாடி விட வேண்டிய மோட்டார் அது.